கண்டாங்கியில் ஒரு ஷிப்ட் டிரஸ்

அண்ணி வாங்கிப் போட்டுப் பார்த்த ரெடிமேட் ஷிப்ட் டிரஸ் எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான். மார்புக்குப் பொருந்தும் சைஸை எடுத்தால் தோள் தையல் கைமேல் இறங்கி நிற்கும், கழுத்து முன்னால் தொளதொளவென்று வாய் பிளக்கும். தோளுக்குப் பொருந்தும் சைஸை எடுத்தால் மார்பிலிருந்து இடுப்பை நோக்கிச் சாய்வாக இழுவைக் கோடுகள் விழும், முன் விளிம்பு மேலே ஏறிப் பின் விளிம்பு தழைந்துவிடும். "எனக்கு இந்த மாடல் ஒத்துவராது, விட்ரு" என்று ஒவ்வொரு தடவையும் குர்தாவுக்கே திரும்பிவிடுவார். கிழிந்துபோன ஒரு கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்து, "இதுல ஆபீஸுக்குப் போடற மாதிரி ஏதாவது தைச்சுக் குடேன்" என்று கேட்டபோது, ஒத்துவராது என்று அவர் ஒதுக்கிய அந்த மாடலையே எடுத்துக்கொண்டேன்.

ஷிப்ட் டிரஸ் என்றால் இடுப்பில் பிடிக்காத, நேராகத் தொங்குகிற உடை, அளவு முன்னேபின்னே இருந்தாலும் பரவாயில்லை என்று தையல் தெரிந்தவர்களே நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ப்ளவுஸுக்கு நாலைந்து டார்ட் (உடம்பின் வளைவுக்காகத் துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது) உண்டு, கீழே பட்டி உண்டு, கொக்கி உண்டு. ஓரிடத்தில் அளவு பிசகினால் இன்னோரிடத்தில் சரிக்கட்டலாம். ஷிப்டில் அந்த வசதி கிடையாது. இடுப்பில் தையல் இல்லை. துணி முழுவதும் தோளில் தொங்கி, மார்பைத் தாண்டி, இடுப்பைத் தொட்டும் தொடாமலும் கீழே போகிறது. பிடிமானம் இரண்டே இடம்: தோள், பக்கவாட்டு மார்பு டார்ட். அந்த இரண்டும் அமைந்தால் எந்த உடம்புக்கும் இந்த உடை எடுப்பாக நிற்கும். அமையாவிட்டால் நீளத்தைக் குறைத்தும் பெல்ட் கட்டியும் எதையும் மீட்க முடியாது.

இதோடு ஷீத் என்ற இன்னொரு மாடலைப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. ஷீத் இடுப்பு வளைவை ஒட்டிப் போகும், முன்னும் பின்னும் மேலிருந்து கீழாக ஓடும் நெட்டு டார்ட் இருக்கும். ஷிப்ட் மார்புக்குக் கீழே உடம்பை விட்டு விலகி, விளிம்பில் கொஞ்சம் விரியும். 1960களில் லண்டனில் மேரி குவான்ட் போன்ற உடை வடிவமைப்பாளர்கள் இளம்பெண்களுக்காக இதைக் குட்டையாக்கி விற்றார்கள். ஒல்லியான, மார்பு தட்டையான மாடல்கள் போட்டே இந்த உடை பிரபலமானதால், அந்த உடம்புக்குத்தான் இது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மார்பு நிறைந்தவர்கள் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. டார்ட்டைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேலை

காரைக்குடிக் கண்டாங்கி. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைகளில் இந்தப் பெயர் அதிகம் காதில் விழுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உடுத்துகிறார்கள். அகலக் கரை, பளிச்சென்ற நிறங்கள், கட்டமோ கோடோ போட்ட உடல். முக்கியமாகத் துணி கனமானது. ஷிப்டுக்கு வேண்டியது அதுதான். மல்மல் மாதிரி மெல்லிய துணியில் தைத்தால் உடம்பில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் மடிப்பையெல்லாம் வெளியே காட்டும். ஸ்டார்ச் ஏற்றி விறைப்பாக்கிய துணி கடையில் அழகாக நிற்கும், ஒரு சலவைக்குப் பிறகு நிற்காது. கனமாக இருந்தும் துவைத்துத் துவைத்து இளகிப்போன பருத்தி கிடைத்தால் விடவே கூடாது. கையில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் சரிந்து நேராக விழ வேண்டும், விறைத்துக்கொண்டும் நிற்கக்கூடாது, கையைச் சுற்றிக் குழையவும் கூடாது.

இது அரக்குச் சிவப்பில் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்டது. சேலையை வெட்டுவதில் அம்மாவுக்குச் சம்மதமில்லை. "உடுத்துற சீலையில கத்திரி வைக்கிறதா?" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினேன். கொசுவம் வரும் பகுதியில் மடிப்புக் கோடுகளின்மேல் நூல் இற்றுப்போயிருந்தது, முந்தானை ஓரம் ஒரு முழம் கிழிசல். அதற்குமேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழைய சேலையில் தைப்பவர்கள் இந்த வெளிச்சச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற துணி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடையாக இருக்கும். இற்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துவிட்டால், பிறகு பேட்டர்ன் (வெட்டுவதற்கான காகித வரைவு) பரப்பும்போது ஒதுக்கிவிடலாம். அவை போக ஏறக்குறைய 3 மீட்டர் திடமாக இருந்தது. எனக்குத் தேவை அதற்கும் குறைவு.

புதுத் துணியாக இருந்தால் வெட்டும் முன் ஊறவைத்துத் துவைத்து உலர்த்துவது முதல் வேலை. பருத்தி சுருங்கும்; தைத்த பிறகு சுருங்கினால் முதலில் குறைவது நீளம். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டத்துணியைச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள், ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் என்று. அலுவலகத்துக்கு வெளிர் நிற பேண்ட்டோடு போடப்போகிறவருக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

அளவு

அண்ணியிடம் முதலில் சொன்னது: "ஆபீஸுக்குப் போகும்போது எந்த பிரா போடுவீங்களோ, அதைப் போட்டுட்டு வாங்க." சிரித்தார். ஆனால் இது சின்ன விஷயமில்லை. பழசாகித் தளர்ந்த பிராவில் எடுத்த அளவுக்கும் நல்ல பிராவில் எடுத்த அளவுக்கும் தோளிலிருந்து மார்பு முனைவரை உள்ள தூரம் ஓர் அங்குலம்கூட மாறும். டார்ட்டின் நுனி அந்த முனையைத்தான் குறிபார்க்கிறது. ஓரங்குலம் தள்ளி நின்றால் எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் அசிங்கமாகத் தெரியும்.

தோள் பதினாலரை அங்குலம். மார்பு 41. இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தில் 43. தோளிலிருந்து மார்பு முனைக்கு 11, முனைக்கு முனை 8. தெருமுனை டெய்லர்கள் வழக்கமாக எடுக்காத இன்னொரு அளவும் எடுத்தேன்: மேல்மார்பு. அக்குளுக்கு அடியில், மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றி எடுப்பது. அது 37.

ரகசியம் முழுக்க இந்த 37இல்தான் இருக்கிறது. ரெடிமேட் உடைகளும் பேட்டர்ன்களும் பெரும்பாலும் மேல்மார்புக்கும் மார்புக்கும் 2 அங்குலம்தான் வித்தியாசம் இருக்கும் என்று வைத்து வரையப்படுகின்றன. அண்ணிக்கு 4. அதனால் 41 சைஸை எடுத்தால் அவருடைய தோளும் கழுத்தும் ஆர்ம்ஹோலும் (கையை இணைக்கும் வளைவு) இன்னொரு பெரிய பெண்ணுக்கானவை. மேல்மார்பு 37ஓடு வழக்கமான அந்த 2ஐக் கூட்டினால், அவருடைய எலும்புக்கட்டுக்கு உரிய சைஸ் 39தான். அதை எடுத்து, மார்பில் மட்டும் இடம் திறக்க வேண்டும். கடையில் வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்கு உதவும். உங்களுக்கு இந்த வித்தியாசம் 2 அங்குலத்துக்குள் இருந்தால் மார்பு அளவைப் பார்த்தே வாங்கலாம். அதிகமென்றால் பக்கவாட்டு டார்ட் உள்ள டிரஸாகத் தேடுங்கள். டார்ட்டே இல்லாத, இரண்டு துண்டை ஒட்டியதுபோன்ற ஷிப்டைக் கையிலும் எடுக்க வேண்டாம், எத்தனை தள்ளுபடி என்றாலும்.

பேட்டர்னைத் திறப்பது

எனக்காக வரைந்து வைத்திருந்த 39 அங்குல பேட்டர்ன் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தைத் தொடவில்லை. முன்பக்கத்தைப் பழைய செய்தித்தாளில் நகலெடுத்துக்கொண்டேன்.

வேண்டியது மொத்தம் 2 அங்குலம். பேட்டர்ன் பாதி முன்பக்கம் மட்டுமே என்பதால் 1 அங்குலம். விளிம்பிலிருந்து நடுக்கோட்டுக்கு இணையாக மார்பு முனைவரை ஒரு கோடு. அங்கிருந்து திரும்பி ஆர்ம்ஹோலின் கீழ்ப்பகுதிக்கு ஒரு கோடு. இந்தக் கோட்டில் வெட்டிக்கொண்டே போய், ஆர்ம்ஹோல் தையல் கோட்டில் ஒரு நூலளவு மட்டும் வெட்டாமல் விட வேண்டும், கீல் மாதிரி. பிறகு டார்ட்டின் நடுவில் பக்கவாட்டிலிருந்து மார்பு முனைவரை இன்னொரு வெட்டு, அங்கேயும் நூலளவு பாக்கி. இப்போது பக்கத் துண்டை வெளியே தள்ளினால் மார்பு முனையில் பிளவு விரியும். அது சரியாக 1 அங்குலம் வரும் இடத்தில் நிறுத்தி, அடியில் காகிதம் வைத்து செல்லோடேப் ஒட்டினேன். தள்ளும்போதே டார்ட்டும் தானாக விரிந்து ஆழமாகிறது. பக்கத் துண்டு நடுத் துண்டைவிடக் கீழே இறங்கியிருக்கும். நடுத் துண்டை மார்புக்குக் கீழே குறுக்கே வெட்டி அதே அளவு இறக்கிவிட்டால் விளிம்பு சமமாகிவிடும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் வியாதிக்கு மருந்து இந்த இறக்கம்தான். மார்பின்மேல் ஏறி இறங்கத் துணிக்கு நீளமும் வேண்டும். அகலத்தை மட்டும் கூட்டினால் போதாது.

தோள், கழுத்து, ஆர்ம்ஹோலின் மேல்பாதி எதுவும் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய சைஸ் வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

புது டார்ட்டின் அகலம் பக்கவாட்டில் இரண்டேகால் அங்குலம் வந்தது. நுனியை மார்பு முனைக்கு ஒன்றரை அங்குலம் முன்பே நிறுத்தினேன். சிறிய மார்புக்கு ஓர் அங்குலம் போதும். நிறைந்த மார்புக்கு முனைவரை கொண்டுபோனால் கூம்பு மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். டார்ட் அகலம் 3 அங்குலத்தைத் தாண்டினால் ஒன்றை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது.

கழுத்து 'வி' வடிவம். வட்டமான, ஏறிய கழுத்து இந்த மாடலுக்கு அடையாளம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மார்பு நிறைந்தவர்களுக்குக் கழுத்திலிருந்து மார்புவரை ஒரே பரப்பாகத் துணி தெரிந்தால் அந்த இடம் இன்னும் பெரிதாகத் தோன்றும். வி கழுத்து அந்தப் பரப்பை இரண்டாக்கி, கண்ணை மேலும் கீழுமாக ஓட்டுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. அகலம் 7, ஆழம் ஆறரை என்று வைத்து, பின்கழுத்தை ஒன்றரை இறக்கியபோது சுற்றளவு கிட்டத்தட்ட 23 வந்தது. அண்ணியின் தலைச் சுற்றளவு 22. தலைவழியே போட்டுவிடலாம், ஜிப் வேண்டாம். கட்டத்துணியின் நடுமுதுகில் ஜிப் வைத்து இரு பக்கக் கட்டத்தையும் சேர்ப்பது எரிச்சலான வேலை. அது மிச்சம்.

காடாத் துணியில் ஒத்திகை

சேலையில் கத்திரி வைக்கும் முன் காடாத் துணியில் வெட்டி, நீளத் தையலில் ஒட்டினேன். கழுத்துப்பட்டி, ஓரம் பிரியாமல் பிடிக்கும் ஓவர்லாக் எதுவும் வேண்டாம். மார்பு மட்டத்திலும் இடுப்பு மட்டத்திலும் பென்சிலால் குறுக்குக் கோடு மட்டும் கட்டாயம் போட வேண்டும். போட்டு நிற்கும்போது அந்தக் கோடுகள் தரைக்கு இணையாக ஓடினால் சமநிலை சரி. முன்னால் ஏறினால் மார்பில் இன்னும் இடம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் தோள்.

மார்புக் கோடு நேராக ஓடியது. அண்ணி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏய், தோள் எனக்கு உக்காந்திருக்குடி" என்றார். கையைத் தூக்கச் சொன்னேன், நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கீழே விழுந்த பொருளை எடுப்பதுபோல் குனியச் சொன்னேன். நின்று பார்த்து மட்டும் திருப்திப்பட்டால், உட்காரும்போது இடுப்பில் துணி இறுகி விளிம்பு முழங்காலுக்கு மேலே ஓடுவது தெரியாமலே போய்விடும். இடுப்பில் உடம்பளவைவிட 3 அங்குலம் கூட இருந்தது, உட்காரவும் போதுமானது.

திருத்த வேண்டியவை மூன்று. ஆர்ம்ஹோல் முன்பக்கம் லேசாக வாய் பிளந்தது. அங்கே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் கிள்ளிப் பின் குத்தி, பேட்டர்னில் அந்தக் கிள்ளலை மடித்து டார்ட்டுக்குள் திருப்பிவிட்டேன். வலது தோள் இடதைவிடக் கால் அங்குலம் இறக்கம். இது நிறையப் பேருக்கு உண்டு, ஷிப்டில் கட்டாயம் தெரியும், ஏனென்றால் தோள் சரிந்தால் கீழே விளிம்புவரை சரியும். அந்தப் பக்கத் தோள் தையலை மட்டும் கை ஓரத்தில் கால் அங்குலம் இறக்கிக்கொண்டேன்.

மூன்றாவதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அண்ணிக்கு முதுகு இடுப்பருகே உள்வளைவு அதிகம். பின்னால் இடுப்புக்கு மேலே துணி குவிந்து குறுக்கு மடிப்பாக நின்றது. இரண்டு நெட்டு டார்ட், ஒவ்வொன்றும் அரை அங்குலம் பிடித்தால் சரியாகிவிடும் என்றேன். "இடுப்பைப் பிடிச்சா அப்புறம் இது என்ன ஷிப்டு?" என்று கேட்டார். முன்பக்கம் முழுக்கத் தளர்வாக இருக்கும்போது, பின்பக்கம் இந்த அளவு பிடித்தால் இடுப்பு எங்கே இருக்கிறது என்பது பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் தெரியும். மொத்தமாகத் தளர்வாக விட்டால் மார்பின் அகலமே பாதம்வரை தொடர்வதுபோல் தெரியும். பின் குத்திக் காட்டி, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். போட்டோ சொன்னால் ஒத்துக்கொள்வார், நாத்தனார் சொன்னால் மாட்டார்.

நீளத்தையும் அப்போதே முடிவு செய்தோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் மறுபடி ஒடுங்கும் இடம். தோளிலிருந்து 38 அங்குலம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் விளிம்பு முடிந்தால் யாருக்கும் கால் குட்டையாகத் தெரியும். முழங்காலுக்கு மேலேயா கீழேயா என்பது அவரவர் விருப்பம். ஒடுங்கும் இடமா பருத்த இடமா என்பதுதான் கேள்வி. துணியை இடுப்பில் பிடித்து ஏற்றி இறக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

கரையை எங்கே வைப்பது

சேலையில் தைக்கும் எல்லோருக்கும் கரையை அடி விளிம்பில் வைக்க ஆசை வரும். எனக்கும் இருந்தது. ஆனால் ஷிப்டின் விளிம்பு நேர்கோடு கிடையாது. பக்கங்கள் விரிவதால், தரைக்குச் சமமாக நிற்க வேண்டுமென்றால் விளிம்பு பக்கவாட்டில் மேல்நோக்கி லேசாக வளைய வேண்டும். கரையோ நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும். இரண்டையும் சேர்த்தால் பக்கத் தையல்களில் விளிம்பு மூக்கு மாதிரி கீழே நீட்டிக்கொள்ளும். விரிவே இல்லாமல் நேராக வெட்டினால் கரையை வைக்கலாம், ஆனால் மார்பைவிட இடுப்பு அகலமான அண்ணிக்கு அது சரிவராது. ஆகவே கரை கைகளுக்குப் போனது. முழங்கைக்குச் சற்று மேலே முடியும் கை, அதன் விளிம்பு நேர்கோடு, கரை கச்சிதமாக உட்காரும். கையைக் குறுக்குவாட்டில் வெட்ட வேண்டியிருந்தது. கட்டம் ஏறக்குறையச் சதுரம் என்பதால் திரும்பியது தெரியவில்லை. நீளவாட்டுக் கோடு போட்ட சேலையாக இருந்தால் உடலில் நெட்டுக்கோடு, கையில் குறுக்குக்கோடு என்று ஆகியிருக்கும்.

கையின் நீளத்திலும் பார்க்க வேண்டியது உண்டு. மேல்கையின் பருத்த இடத்தில் முடியும் சின்னக் கை, மார்புக் கோட்டோடு சேர்ந்து உடம்பை அகலமாக்கும். ஒன்று தோளோடு கையில்லாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை அருகே இறக்க வேண்டும்.

கட்டத்துணியை மடித்து இரட்டையாக வெட்டக்கூடாது. அடித்துணி எப்படியும் நழுவும். பாதிப் பேட்டர்னை முழுப் பேட்டர்னாக வரைந்து, ஒற்றையாக விரித்த துணியில் நடுக்கோட்டை ஒரு கட்டத்தின் மையத்தில் வைத்தேன். வியின் கூர்முனையும் அந்த மையத்தில் வந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்டம் வெட்டுப்படும். முன்பக்கத்தை வெட்டிய பிறகு, அதன் பக்கத் தையலில் விளிம்பிலிருந்து எந்தக் கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, பின்பக்கத்தை அதற்கேற்ப நகர்த்தி வெட்ட வேண்டும். விளிம்பிலிருந்து டார்ட்வரை கட்டங்கள் சேரும். டார்ட்டுக்கு மேலே சேராது, சேரவும் முடியாது, ஏனென்றால் டார்ட் இரண்டேகால் அங்குலத் துணியை விழுங்கிவிடுகிறது. அந்த இடம் கைக்கு அடியில் மறைந்துபோகும்.

டார்ட்டையும் கட்டத்துக்குள் ஒளிக்கப் பார்த்தேன். 1965இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், ஓவியர் மோந்த்ரியானின் ஓவியத்தைப் போலக் கறுப்புக் கோடும் வண்ணக் கட்டமுமாகச் செய்த ஷிப்ட் உடைகள் நினைவுக்கு வந்தன. தட்டையான ஓவியம்போல் தெரியும் அந்த உடைகளில், உடம்புக்கு வேண்டிய வளைவெல்லாம் துண்டுகள் சேரும் கோடுகளின் தையலுக்குள் ஒளிந்திருக்கிறது. என்னிடம் துண்டுகள் இல்லை, ஒரு டார்ட்தான். அதன் கீழ்க்கோட்டை ஒரு கறுப்புக் குறுக்குக்கோட்டின்மேல் பொருத்தினேன். மேல்கோடு மட்டும் சாய்வாக வந்து அதில் சேர்கிறது. தைத்து முடித்த பிறகு, டார்ட் எங்கே என்று தேடினால்தான் தெரிகிறது. டார்ட்டை மேலும் கீழும் ஒரு நூல் நகர்த்துவதில் இருந்த வேலைக்கு இது தகும்.

தையல்

14ஆம் நம்பர் ஊசி, மிதிமெஷின். முதலில் கழுத்து. வியின் இரண்டு ஓரமும் துணியின் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வருவதால் கையில் எடுத்த உடனே இழுபட ஆரம்பிக்கும். அதனால் வெட்டிய கையோடு, தையல் கோட்டுக்குச் சற்று உள்ளே ஒற்றைத் துணியிலேயே ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். கழுத்துப்பட்டிக்கு மெல்லிய கேன்வாஸ் ஒட்டி, வியின் முனையில் தையலைச் சின்னதாக்கி, முனையில் ஊசியை இறக்கியபடியே துணியைத் திருப்பினேன். முனைவரை கத்திரியால் கொத்திவிடத் தயங்கக்கூடாது. ஒரு நூல் பாக்கி வைத்தாலும் திருப்பிப் போட்டபின் அங்கே சுருக்கம் நிற்கும். திருப்பியதும் பட்டியோடு மட்டும் சேர்த்து உள்பக்கம் ஒரு தையல், பட்டி வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்க.

டார்ட்டை அகலமான பக்கத்தில் தொடங்கி நுனியை நோக்கித் தைக்க வேண்டும். நுனியில் ரிவர்ஸ் அடித்து முடிச்சுப் போடுவது வழக்கம். அந்த இடம் கட்டிதட்டிக் குமிழ் மாதிரி தெரியும். கடைசி இரண்டு மூன்று தையலை மடிப்பின் ஓரத்து நூலின்மேல் ஓட்டி, நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிட்டேன். துவாலையை உருட்டி அதன்மேல் வைத்து, டார்ட்டைக் கீழ்நோக்கி மடித்து இஸ்திரி போட்டேன். தட்டையான மேசையில் தேய்த்தால் தைத்து உண்டாக்கிய வளைவை இஸ்திரிப்பெட்டி அழித்துவிடும்.

பக்கத் தையல், கை, ஓவர்லாக் எல்லாம் வழக்கம்போல். பாக்கெட் வேண்டும் என்று அண்ணி கேட்டிருந்தார். பக்கத் தையலுக்குள் வைக்கும் பாக்கெட்டில் போனைப் போட்டால், இடுப்பில் பிடிப்பு இல்லாத உடையின் ஒரு பக்கம் முழுக்க இழுபடும், தோள்வரை தெரியும். கைக்குட்டையும் சாவியும் கொள்ளுகிற அளவில் வெளிப்பாக்கெட் இரண்டு, கட்டம் பொருந்த வெட்டி, முன்பக்கம் வைத்தேன். போன் கைப்பைக்கு.

விளிம்பு மடிக்கும் முன் ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிட்டேன். விரியும் பக்கங்களில் துணி கிராஸில் வருவதால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் இறங்கும். காலையில் அண்ணியை நிற்கவைத்து, தரையிலிருந்து அளவுகோல் வைத்துச் சுற்றிலும் குறித்து, ஒன்றரை அங்குல மடிப்பு. வளைந்த விளிம்பில் அதற்குமேல் மடித்தால் உள்ளே சுருக்கம் சேரும். மெஷின் தையல் கட்டத்தின் குறுக்கே தனிக்கோடாகத் தெரியும் என்பதால் கையாலேயே ஹெம்மிங்.

போடும்போது

முதல் நாள் காட்டன் லெகிங்ஸோடு போட்டு நடந்து பார்த்தார். நாலடிக்கு ஒருமுறை டிரஸ் மேலே ஏறியது. பருத்தியும் பருத்தியும் உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதிலும் இரண்டும் இளகிய துணி. வழுவழுப்பான அரைப் பாவாடை ஒன்றை உள்ளே போட்டால் தீரும். அண்ணி வேறு வழிக்குப் போனார்: தொடையில் ஒட்டாத, நேராக வெட்டிய கறுப்பு பேண்ட். அலுவலகத்துக்கு அதுவே மேலும் பொருத்தம். பேண்ட்டின் நிறம் கட்டத்தில் இருக்கும் கறுப்போடு சேர்வதால் முழங்காலில் உடம்பு இரண்டாகப் பிரிந்து தெரியவில்லை.

பெல்ட் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம். கட்டினால் மார்புக்குக் கீழே துணி பொம்மென்று நிற்கும், டார்ட்டுக்காகப் பட்ட பாடெல்லாம் அதற்குள் போய்விடும். இடுப்பு தெரிய வேண்டும் என்பவர்கள் ஷீத் தைத்துக்கொள்ளலாம். நீளச் சங்கிலியும் வேண்டாம். மார்பின்மேல் ஏறி அங்கிருந்து ஊசல் ஆடும். வி கழுத்துக்குள்ளேயே முடியும் சின்ன டாலர் ஒன்று, அல்லது கழுத்தை வெறுமையாக விட்டுக் காதில் கொஞ்சம் பெரிய ஜிமிக்கி. குறுக்கே மாட்டும் கைப்பையின் வார் மார்பின் நடுவில் அழுந்தி உடையின் விழுகையையே கெடுக்கும்; ஒரு தோளில் மாட்டிக்கொள்ளலாம், அண்ணிக்கு வலது தோள் இறக்கம் என்பதால் இடது தோளில். ஏசிக்கு முன்னால் திறந்த ஷ்ரக் போடுவதாக இருந்தால் இடுப்பெலும்பில் முடிகிறது வேண்டாம், அங்கே ஒரு குறுக்குக்கோடு விழும். இடுப்புவளைவில் முடியும் குட்டையானது, அல்லது டிரஸின் நீளத்துக்குச் சில அங்குலம் குறைவான திறந்த மேலங்கி.

அலுவலகத்தில் ஒருவர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாராம். சேலை என்று சொன்னதற்கு நம்பவில்லையாம்.

பேட்டர்னை இப்போது பிரவுன் பேப்பரில் மாற்றி, மேலே மேல்மார்பு 37, மார்பு 41, வலது தோள் கால் இறக்கம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து வெளிர்நீல லினனில் கையில்லாமல் ஒன்று கேட்டிருக்கிறார். கையில்லாததற்கு ஆர்ம்ஹோலை அரை அங்குலம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பிரா ஓரம் தெரியும். தோளையும் கை ஓரத்தில் அரை அங்குலம் உள்ளே தள்ள வேண்டும். லினன் வெளிர்நிறம் என்பதால் மல்மல் லைனிங் முழுக்க, அதற்கு 11ஆம் நம்பர் ஊசி. டார்ட் அப்படியே.